வயதான நாய் போன பிறகு அதை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கிடந்த கிழட்டு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளையன் என்று பேர் வைத்து, இரண்டரை வருடம் பார்த்துக்கொண்டீர்கள். போன மாதம் அதற்கு கிட்னி போய்விட்டது. சாப்பாடு நின்று, எழுந்திருக்கவும் முடியாமல் போனபோது, டாக்டர் சொன்னபடி ஊசி போட்டுவிட்டீர்கள். ஊசிக்குப் பிறகும் கண் திறந்தே இருந்தது, ஒரு பெருமூச்சு இழுத்தது. ‘என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனதோ, அவசரப்பட்டுவிட்டேனோ’ என்று தூக்கமே வரவில்லை என்கிறீர்கள். அப்பா ‘ஒரு நாய்க்கா இத்தனை நாள்’ என்கிறார். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி மேசைதான் வருகிறது, இப்படி இருந்தால் வெள்ளையனை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கால்நடை மருத்துவத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். பர்கூர், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே சுற்றி ஓய்வு பெற்றேன். வீட்டில் ஒரு கிழட்டு நாயை வைத்திருந்து புதைத்தவனும்கூட. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன் அம்மா.

முதலில் அந்த மேசைக்கு வருகிறேன். அது தீராமல் மற்றது எதுவும் உங்கள் மனசில் ஏறாது.

அந்த ஊசி என்பது மயக்க மருந்துதான். அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கிற அளவை விடப் பல மடங்கு கூடுதலாகக் கொடுப்போம். ரத்தத்தில் இறங்கியதும் முதலில் நினைவு போகும். அதற்குப் பிறகுதான் மூச்சு நிற்கும், கடைசியாக இதயம். இந்த வரிசை மாறாது. மூச்சு நிற்கிற நேரத்தில் நாய்க்கு எதுவும் தெரியாது, வலியும் இல்லை, பயமும் இல்லை. கண் மூடாமல் இருந்தது பற்றிச் சொன்னீர்கள். இமையை மூட ஒரு தசை வேலை செய்யவேண்டும். உயிர் போனதும் அந்தத் தசை தளர்ந்துவிடும், ஆகவே இமை திறந்தபடி நிற்கும். நாய் மட்டுமில்லை, மாடு, ஆடு எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அந்தப் பெருமூச்சும் அதே கதைதான். இதயம் நின்ற பிறகு ஓரிரு நிமிடம் வரைக்கும் விலாத் தசை ஒரு தடவை சுருங்கி விடும், உதடு துடிக்கும், சிறுநீர் போய்விடும். அதைச் செய்வது தசை. வெள்ளையன் அப்போது அங்கே இல்லை. டாக்டர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். நானும் வேலையில் சேர்ந்த புதிதில் பலரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அவர்கள் எத்தனை ராத்திரி இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்களோ என்று இப்போது நினைத்தாலும் மனசு சங்கடப்படுகிறது.

வெள்ளையன் கடைசியாகப் பார்த்தது உங்களைத்தான். ஆனால் அது ஊசிக்கு முன்னால் பார்த்த பார்வை. நீங்கள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கையின் வாசனையோடுதான் அது மயங்கியது.

அடுத்தது, ‘இன்னும் முன்னாடியே கவனித்திருந்தால்’ என்ற கேள்வி. கிட்னி ஒரு மௌனமான உறுப்பு. ஏறத்தாழ முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு ஏறிக் காட்டும். அதுவரை மிச்சமிருக்கும் கால் பங்கு முழு வேலையையும் இழுத்துக்கொண்டு ஓடும். வெளியே பெரும்பாலும் முதலில் தெரிகிற அடையாளம், நாய் அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும்தான். நம்ம ஊர் சித்திரை வெயிலில் எந்த நாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது? யாராக இருந்தாலும் வெயில் என்றுதான் நினைப்பார்கள். வாயில் ஒரு மாதிரி நாற்றம், வாந்தி, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புவது, இவையெல்லாம் கடைசிக் கட்டத்தில் வருபவை. நீங்கள் அதைப் பார்த்த அன்றே டாக்டரிடம் போயிருக்கிறீர்கள், பத்து நாள் டிரிப் ஏற்றியிருக்கிறீர்கள்.

சென்னைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்திருக்கலாமோ என்று யாரோ உங்களிடம் சொன்னார்களாம். எலிக்காய்ச்சலிலோ, ஏதாவது விஷத்தைத் தின்றோ திடீரென்று நின்றுபோன கிட்னி என்றால் டயாலிசிஸ் உதவும். அந்த உறுப்பு தேறி வருகிறவரை அது தாங்கிப் பிடிக்கும். வயதாகி, வருடக் கணக்கில் சுருங்கிப்போன கிட்னி திரும்பத் தேறாது. வெள்ளையனுக்கு அது சில நாளைக் கூட்டியிருக்கலாம், அந்த நாட்களும் ஊசியும் குழாயுமாகத்தான் போயிருக்கும். நீங்கள் அவசரப்படவில்லை. என் அனுபவத்தில் ஜனங்கள் தப்பு செய்வது பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான், மனசு வராமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டு அந்த ஒரு வாரமும் நாய் துடிப்பதைப் பார்ப்பார்கள்.

கடைசி ஆறு மாதம் ராத்திரியில் சுவரைப் பார்த்து நின்று குரைத்தது, ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் கத்தித் திட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அது மூளை முதுமை அடைவதால் வருவது. மனிதருக்கு வயதானால் மறதி நோய் வருவது போல நாய்க்கும் வரும். பகல் ராத்திரி மாறிப்போகும், பழகிய வீட்டுக்குள்ளேயே மூலையில் போய் நின்றுகொண்டு வெளியே வரத் தெரியாது. திட்டியது நீங்கள்தான், மறுநாளிலிருந்து ராத்திரி லைட்டை அணைக்காமல் விட்டதும் நீங்கள்தான். இரண்டையும் சேர்த்தே எழுதியிருந்தீர்கள். நான் இரண்டாவதை முதலில் படித்தேன்.

சரி, இப்போது நினைவு பற்றி.

என் நாய்க்குச் செவலை என்று பேர். பர்கூர் பக்கம், மாங்காய் சீசனில் கூழ் ஆலைக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் கிடைத்தது. பின்னங்கால் எப்போதோ லாரியில் அடிபட்டு, வைத்தியம் பார்க்காமல் தானாகக் கூடி, கோணலாக நின்றது. பல்லெல்லாம் தேய்ந்திருந்தது. பத்து வயது இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்குத்தான் அது. குட்டிக்குப் பல்லைப் பார்த்து மாதக் கணக்கில் வயது சொல்லலாம். நாலைந்து வயதைத் தாண்டிவிட்டால் எலும்பு கடித்த நாய்க்கு ஒரு தேய்மானம், கல்லைக் கவ்விய நாய்க்கு ஒரு தேய்மானம், யாராலும் துல்லியமாகச் சொல்லமுடியாது. உங்கள் டாக்டர் வெள்ளையனுக்குப் பதின்மூன்று என்று எழுதியதும் ஒரு மதிப்புதான். தெருவில் பிறக்கிற குட்டிகளில் ஒரு வயதைத் தாண்டுவதே கொஞ்சம். பத்து, பதின்மூன்று வரை வந்த நாய் என்றால், நாம் பார்க்காத காலத்தில் யார் யாரோ அதற்கு ஒரு பிடி சோறு போட்டிருக்கிறார்கள்.

செவலை எங்களோடு மூன்று வருடம் இருந்தது. அதற்கும் ஒரு நாள் ஊசி போடவேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான ஜீவன்களுக்கு ஊசி போட்ட கை, என் நாய்க்கு வரவில்லை. என்னிடம் வேலை பழகிய ஒரு தம்பியைக் கூப்பிட்டு, நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஆறு மாதம், செவலை என்றாலே எனக்கு அந்த அரைமணி நேரம்தான். மூன்று வருடமும் எங்கே போனது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரி அது செய்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவாள். எனக்கு அழுவதற்குக்கூட அந்த ஒரு நாளைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

உங்களுக்கு இப்போது நடப்பதும் அதுதான். கடைசி நாள் மற்ற நாளையெல்லாம் விழுங்கிவிடுகிறது. மனசு பயந்த நாளைத்தான் கெட்டியாகப் பிடித்துவைக்கும், நிம்மதியாக இருந்த நாளுக்கு அது கணக்கு வைப்பதில்லை. வெள்ளையன் உங்களோடு இருந்தது சுமார் தொள்ளாயிரம் நாள். அதில் நோயில் கிடந்தது இருபதோ முப்பதோ. மிச்ச நாட்களை ஒவ்வொன்றாக நீங்கள்தான் மீட்டு எடுக்கவேண்டும். அது தானாக வராது, உட்கார்ந்து எழுதினால்தான் வரும்.

எப்படி எழுதுவது என்பதற்கு நான் ஒரு கல்லிடம் பாடம் படித்தேன். ஊத்தங்கரையில் வேலை பார்த்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுகல் பார்க்கக் கிளம்பினோம். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி சீமை நடுகல்லுக்குப் பேர்போனது. இரண்டு ஊர் அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள், இன்னும் எத்தனையோ வயலிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. அன்றைக்கு நாங்கள் போனது மாவட்ட எல்லையைத் தாண்டி, திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் இருக்கும் எடுத்தனூருக்கு. அங்கே பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. அவனுடைய 34-ஆம் ஆட்சி ஆண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதே கல்லில் அவனுடைய நாய்க்கும் உருவமும் எழுத்தும் உண்டு. கோவிவன் என்பது நாயின் பேர், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது. எழுத்தில் நாயைப் பற்றி இருப்பது அவ்வளவுதான்.

செவலை போன பிறகு அந்தக் கல் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. 1400 வருடத்துக்கு முன்னால், எழுதத் தெரிந்தவர்களே அபூர்வமான காலத்தில், ஒருவர் உளியை எடுத்து ஒரு நாயின் பேரை வெட்டியிருக்கிறார். எவ்வளவு அழகு, எவ்வளவு அன்பு என்றெல்லாம் வெட்டவில்லை. பேர், அது என்ன செய்தது, எப்படி நின்றது. அதனால்தான் இன்றைக்கும் அந்த நாயை என்னால் கண்ணால் பார்க்க முடிகிறது. ‘ரொம்பப் பாசமான நாய்’ என்று வெட்டியிருந்தால் அது எந்த நாயாகவும் இருந்திருக்கும்.

நான் ஒரு நோட்டை எடுத்து அப்படித்தான் ஆரம்பித்தேன். செவலைக்குக் களி உருண்டையைத் தட்டில் வைத்தால் தொடாது. கட்டைவிரலால் குழி வைத்து, அதில் உப்பு காரம் போடாமல் கறி வேகவைத்த தண்ணீரை ஊற்றவேண்டும். முதலில் குழியில் இருப்பதை நக்கும், அப்புறம் குழியின் கரையைக் கடிக்கும், கடைசியில் நடு உருண்டையை வாயில் கவ்விக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடும். லாரியில் ஏர் பிரேக் பிடிக்கிற ‘புஸ்’ சத்தம் ரோட்டில் கேட்டால் போதும், கட்டிலுக்கு அடியில். குக்கர் சத்தத்துக்கும் முதல் ஒரு வருடம் அப்படித்தான் ஓடியது, பிறகு குக்கரை மட்டும் மன்னித்துவிட்டது. வந்த புதிதில் முதுகைச் சுவரில் ஒட்டிவைத்து, முகம் வாசலைப் பார்த்தபடிதான் தூங்கும். பின்னால் யாரும் வந்துவிடக் கூடாது என்ற தெருப் பழக்கம். எட்டாவது மாதம் ஒரு மத்தியானம் முற்றத்து நடுவில், நாலு காலும் மேலே போட்டு, வயிற்றைக் காட்டித் தூங்கியது. வீட்டுக்காரி என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்று பார்த்தோம்.

இதை எழுதிய அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. ஊசி ஞாபகத்தில் வரும் அழுகை நெஞ்சை அடைக்கும். இது அடைக்கவில்லை, கரைந்து போனது.

நீங்களும் இந்த வாரமே ஆரம்பியுங்கள். தள்ளிப்போட்டால் சின்ன விஷயங்கள்தான் முதலில் மறக்கும். வெள்ளையன் எந்தப் பக்கம் படுக்கும், உங்கள் வண்டிச் சத்தத்தை எந்த முனையில் கண்டுபிடிக்கும், குளிப்பாட்ட வாளியை எடுத்தால் எங்கே போய் ஒளியும், கண்ணில் நீலம் பாய்ந்த பிறகும் உங்களை எத்தனை தூரத்தில் அடையாளம் கண்டது. (அந்த நீலம் பெரும்பாலும் கண்புரை இல்லை, வயதில் கண்வில்லை இறுகுவது. பார்வை மங்கும், போய்விடாது. வெள்ளையன் உங்கள் முகத்தைக் கடைசிவரை பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம்.) வீட்டில் எல்லோரிடமும் ஒன்றொன்று கேளுங்கள். நமக்குத் தெரியாத ஒரு வெள்ளையன் அவர்களிடம் இருக்கும். உங்கள் அப்பாவிடமும் கேளுங்கள். ‘ஒரு நாய்க்கா’ என்று கேட்கிறவர்களில் பலர், காலையில் டீ குடிக்கும்போது பிஸ்கட்டில் பாதியை யாருக்கும் தெரியாமல் கீழே நீட்டியவர்களாக இருப்பார்கள். கிராமத்தில் ஏர் ஓட்டிய ஆலம்பாடிக் காளை செத்தால் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சொந்த நிலத்தில் புதைத்து, மாட்டுப் பொங்கல் அன்று அந்த இடத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள். உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒரு மாடு இருந்திருக்கலாம். அதைப் பற்றிப் பேச்சை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் சின்னவனிடம் ‘தூங்க வைத்துவிட்டார்கள்’ என்று சொல்லவேண்டாம். அந்த வயதில் அதைக் கேட்ட பிள்ளைகள் ராத்திரி தூங்கவே பயப்படுவார்கள். வெள்ளையன் செத்துப்போனது, இனி வராது, அதற்கு வலிக்காது என்று நேராகச் சொல்லுங்கள். குழந்தைகள் நாம் நினைப்பதை விடத் தெளிவாகக் கேட்டுக்கொள்வார்கள்.

வீட்டிலிருக்கும் இன்னொரு நாய் வெள்ளையன் இடத்தில் போய்ப் படுக்கிறது, சரியாகச் சாப்பிடவில்லை என்கிறீர்கள். அதுவும் தேடுகிறது. வெள்ளையனின் சாக்கையும் போர்வையையும் இப்போதைக்குத் துவைக்காதீர்கள், அந்த வாசனை கொஞ்ச நாள் இருக்கட்டும். சாப்பாடு, நடை எல்லாம் பழைய நேரத்துக்கே நடக்கட்டும். சில வாரங்களில் தேறிவிடும். இரண்டு நாள் முழுப் பட்டினி கிடந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள், துக்கம் என்று நாம் நினைப்பது சில நேரம் உண்ணிக் காய்ச்சலாக இருக்கும்.

தோட்டத்தில் மாமரத்துக்குக் கீழே புதைத்ததாகச் சொன்னீர்கள், நல்லது. நம்ம பக்கம் இரண்டடி தோண்டினாலே பாறை தட்டும், அதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். நாலடியாவது ஆழம் இருக்கவேண்டும், கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி இருக்கவேண்டும். ஊசி மருந்து உடம்பில் தங்கியிருக்கும், வேறு நாயோ நரியோ தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. ஆழம் குறைவு என்று சந்தேகமிருந்தால் மேலே இன்னும் மண் குவித்து, கல் பரப்பி, வேலமுள்ளை வெட்டிப் போட்டுவிடுங்கள்.

கல் நடலாமா, கோயிலில் விளக்குப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தயக்கமே வேண்டாம். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் எவ்வளவு கூட்டம் வருகிறது, எல்லோரும் பூசணியில் விளக்கேற்றிக் கும்பிடுகிற அந்தச் சாமியின் வாகனம் நாய்தானே. உங்களுக்கு மனசு அமைதிப்படும் என்றால் போய் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வாருங்கள். கல் நட்டால் பேரையும் ஒரு வரியையும் வெட்டுங்கள். அந்த வரி உங்கள் நோட்டிலிருந்து வரட்டும்.

கடைசியாக, இன்னொரு கிழட்டு நாயை எடுக்கலாமா என்ற கேள்வி. எடுக்கலாம், இப்போதே வேண்டாம். இன்னொரு நாயைப் பார்க்கும்போது வெள்ளையனோடு ஒப்பிடாமல் அதை அதுவாகப் பார்க்கத் தோன்றுகிற நாள் வரும், அன்றைக்கு எடுங்கள். எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. இப்போது இருப்பது கருப்பு, ஒரு காது கேட்காது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் படுக்கும். செவலை படுத்த இடத்துக்கு அது போவதில்லை. அங்கே சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு, முதுகு உரசி உரசி எண்ணெய் படிந்த மாதிரி ஒரு கறை இருக்கிறது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தால் வருடா வருடம் வீட்டுக்காரி அந்த இடத்தில் போய் நின்றுகொள்கிறாள். அவரும் அதை விட்டுவிட்டுத்தான் அடிக்கிறார்.